தாழ்ப்பாள் – 11: கிழட்டு சர்வர் தப்பித்த கதை

கடவுச்சொல் லினக்ஸுக்குள் எந்தக் கோப்பில் என்ன உருவத்தில் கிடக்கிறது என்பதைச் சென்ற வாரமே சொல்லியாயிற்று. தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிப் பிடிக்கட்டும். இந்த வாரம் ‘பேம்’ என்ற அங்கீகார அடுக்கைப் பிரித்துக் காட்டுவதாக வாக்கு. போகிற வழியில் ஓப்பன்எஸ்எஸ்எச் குறுக்கே வந்துவிட்டது. தொலைவிலிருந்து லினக்ஸ் சர்வருக்குள் நுழைகிறவர் பெரும்பாலும் முதலில் தட்டுவது இந்தக் கதவைத்தான்.

2024 ஜூலை 1, திங்கட்கிழமை. பாரதிய நியாய சன்ஹிதா அமலுக்கு வந்த நாள் என்பதால் நாட்டின் பேச்செல்லாம் அதைப் பற்றி. பெங்களூரில் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் வெளிவட்டச் சாலையிலும் உட்கார்ந்து உலகத்துச் சர்வர்களைக் கட்டி மேய்ப்பவர்களுக்கு வேறு தலைவலி. முந்தைய நாளோடு சென்ட்ஓஎஸ் 7-இன் ஆயுள் முடிந்திருந்தது. 2014-இல் வந்து பத்தாண்டு உழைத்த இயங்குதளம். இனி அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் கிடையாது. மாற்றாமல் விட்டவர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்த அதே நாளில், ஓப்பன்எஸ்எஸ்எச்-இல் ஓட்டை என்று குவாலிஸ் நிறுவனம் அறிவித்தது. வைத்த பெயர் ‘ரெக்ரெஷன்’, பதிவு எண் சிவிஇ-2024-6387.

ஓட்டையின் கதை இது. கதவைத் தட்டியவர் 120 நொடிக்குள் தான் யார் என்று நிரூபிக்க வேண்டும். தவறினால் உள்ளே ஓர் அலாரம் அடிக்கும், இணைப்பு அறுபடும், விவரம் பதிவேட்டில் ஏறும். சிக்கல் அந்தப் பதிவில்தான். நினைவகத்தில் இடம் பிரிக்கும் வேலை பாதியில் நிற்கும்போது அலாரம் அடித்தால், பதிவு எழுதும் நிரலும் அதே நினைவகக் கணக்கில் கைவைக்கும். மளிகைக் கடைக்காரர் பாதி வரி எழுதிவிட்டு எழுந்து போன நோட்டில், கடைப்பையன் வேறொரு கணக்கைத் தொடங்குவது போல. கணக்கு குழம்பும் அந்தக் கணத்துக்குத் தோதாகத் தரவை முன்கூட்டியே அனுப்பி வைத்தவருக்குக் கடவுச்சொல் தெரியாமலே ரூட் அதிகாரம் கிடைக்கும்.

அந்தக் கணம் சுலபத்தில் வாய்க்காது. சராசரியாகப் பத்தாயிரம் முறை முயல வேண்டும் என்றது குவாலிஸ். ஒரே நேரத்தில் 100 இணைப்பு, ஒவ்வொன்றுக்கும் 120 நொடி என்றால் 12,000 நொடி. அதாவது மூன்றே கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். நினைவக முகவரியை ஊகிப்பதில் பாதி முறை தவறிவிடும் என்பதால் மொத்தம் 6 முதல் 8 மணி நேரம். இதைச் செய்து காட்டியது 32 பிட் டெபியன் 12-இல். 64 பிட் கணினியில் அன்றுவரை செய்து காட்டப்படவில்லை.

இதே ஆய்வாளர்கள் 2005 காலத்து டெபியன் ஒன்றையும் தோண்டியெடுத்துத் தாக்கிப் பார்த்தார்கள். அங்கேயும் பத்தாயிரம் முயற்சிதான். ஆனால் அந்தக் காலத்துக் கதவு ஒரே நேரத்தில் பத்துப் பேரைத்தான் நிற்கவிடும். ஒவ்வொருவருக்கும் 600 நொடி தாராளமாகக் கொடுக்கும். கணக்குப் போட்டால் ஆறு லட்சம் நொடி. கிட்டத்தட்ட ஒரு வாரம்! கதவின் சோம்பேறித்தனமே காவலாக இருந்திருக்கிறது.

2005 எதற்கு? இந்த ஓட்டை புதிதல்ல. 2006-இல் மார்க் டௌட் என்ற ஆய்வாளர் சுட்டிக்காட்டி, 4.4 பதிப்பில் அடைத்தார்கள். 2020 அக்டோபரில் பதிவு எழுதும் பகுதியைச் சீரமைத்தபோது, அந்த அடைப்பைத் தாங்கி நின்ற ஒரு நிபந்தனை வரி தவறிப்போய் நீங்கிவிட்டது. 2021 மார்ச்சில் வந்த 8.5 பதிப்போடு பழைய ஓட்டை உலகெங்கும் திரும்பிப் போனது. போனது எதன் வழியாக? அப்டேட் வழியாக. ஓப்பன்எஸ்எஸ்எச் பிறந்த வீடான ஓப்பன்பிஎஸ்டி மட்டும் தப்பித்தது; அங்கே 2001-லேயே இதற்குப் பாதுகாப்பான மாற்றுவழி செய்து வைத்திருந்தார்கள்.

இப்போது சென்ட்ஓஎஸ் 7-க்கு வரலாம். அதிலிருந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 7.4. ஓட்டை அடைபட்டிருந்த காலத்துச் சரக்கு! உபுண்டு 20.04-இல் 8.2, அதற்கும் ஆபத்தில்லை. ரெட் ஹேட் 8 தப்பித்தது, 9 மாட்டியது. ஆயுள் முடிந்த மறுநாள் கிழவன் சௌக்கியம்; புதுச் சட்டை போட்டவர்கள்தான் ராத்திரி கண்விழித்தார்கள். இதை வைத்து அப்டேட்டே வேண்டாம் என்று வாதாட யாரும் கிளம்ப வேண்டாம். கிழவனுக்கு அடுத்த நோய் வந்தால் மருந்து கிடையாது.

பதிப்பு எண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதுகிற தணிக்கையாளர்களை இந்தத் தொடர் முன்பே கடிந்திருக்கிறது. இன்னொரு முறை கடிந்தால் தவறில்லை. திருத்தம் வந்தது ஓப்பன்எஸ்எஸ்எச் 9.8-இல். டெபியன் 12 அந்த 9.8-ஐ எடுத்துக்கொள்ளவில்லை, தன்னிடமிருந்த 9.2-இலேயே ஓட்டையை மட்டும் அடைத்துக் கொடுத்தது. எண் பழையது, பூட்டு சரியானது. ‘9.8 இல்லை, எனவே ஆபத்து’ என்று அறிக்கை எழுதினால் பாவம் சிஸ்டம் அட்மின்தான் பதில் சொல்லிச் சாக வேண்டும்.

9.8-இல் இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. ஒரே முகவரியிலிருந்து திரும்பத் திரும்பத் தவறுகிறவரைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைக்கும் தண்டனை முறை வந்தது. எத்தனை முறை தட்டவிடுவது என்பதுதானே இந்தத் தொழிலின் பாதிச் சூட்சுமம்.

2016-இல் பெங்களூரில் ஃபிளிப்கார்ட்டில் வேலை பார்த்த ஆனந்த் பிரகாஷ் பிடித்தது அந்தச் சூட்சுமத்தைத்தான். ஃபேஸ்புக்கில் கடவுச்சொல் மறந்தால் ஆறு இலக்கக் குறியீடு வரும். முதன்மைத் தளத்தில் பத்துப் பன்னிரண்டு முறை தவறினால் தடை. ஃபேஸ்புக்கின் பீட்டா தளத்தில் அந்தத் தடை இல்லை. பத்து லட்சம் குறியீடுகளையும் வரிசையாகப் போட்டுப் பார்க்கலாம். தன் சொந்தக் கணக்கிலேயே சோதித்து பிப்ரவரி 22 அன்று தெரிவித்தார், மறுநாளே அடைத்தார்கள். பரிசு 15,000 டாலர், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ பத்து லட்சம் ரூபாய். குறியீட்டுக்கு ஒரு ரூபாய் வீதம் கொடுத்தது போல ஆயிற்று.

சர்வரில் ஊடுருவல் நடந்தது தெரிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்பிடம் சொல்ல வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28 உத்தரவு. பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும் வேண்டும். பத்தாயிரம் தட்டல் நடந்திருந்தால் அந்தப் பதிவில், நேரம் கடந்த இணைப்புகளாக, வரிசை வரிசையாகத் தெரியும்.

டெபியன் 12 வைத்திருப்பவர்கள் ஓப்பன்எஸ்எஸ்எச் பொதியின் எண்ணை வால் வரை படியுங்கள். ‘டெப்12யூ3’ அல்லது அதற்கு மேல் இருந்தால் இந்த ஓட்டை அடைபட்டது. உபுண்டு 22.04 வைத்திருப்பவர்கள் 2024 ஜூலைக்குப் பிறகு அப்டேட் நடந்திருக்கிறதா என்று பாருங்கள். பேம் அடுத்த வாரம்.