மனச்சோர்வு மருந்தும் ஒற்றைத் தலைவலியும்

ஒற்றைத் தலைவலிக்கு இருவகை மருந்துகள் உண்டு. வந்த வலியைத் தணிப்பது ஒன்று. வராமல் தடுப்பதற்காக நாள்தோறும் உட்கொள்வது மற்றொன்று. மாதத்தில் பல நாட்கள் வலியால் முடங்குவோர்க்கு இரண்டாவது வகை தேவைப்படுகிறது. அவ்வகையில் நெடுங்காலமாகப் பயன்படுவது அமிட்ரிப்டிலின். 1961-இல் அமெரிக்காவில் மனச்சோர்வு நோய்க்கென விற்பனைக்கு வந்த மருந்து இது.

நரம்பணுக்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் செரோட்டோனின், நார்அட்ரினலின் ஆகிய பொருள்கள் மீண்டும் உறிஞ்சப்படுவதை இது தடுக்கிறது. வலியைக் கட்டுப்படுத்துவதிலும் அப்பொருள்களுக்குப் பங்கு உண்டு.

ஆனால் மருந்து உண்மையில் பயன் தருகிறதா என்பதைச் சோதனைதான் சொல்ல வேண்டும். அமெரிக்க மருத்துவர் கவுச்சும் அவருடைய குழுவினரும் 1970-களில் இதைச் செய்தனர். சிலருக்கு மருந்தையும், மற்றவர்களுக்கு மருந்தற்ற போலி மாத்திரையையும் கொடுத்தனர். 100 பேரைக் கொண்டு நடத்தி 1979-இல் வெளியிட்ட ஆய்வில், மருந்து உண்டவர்களில் 55 விழுக்காட்டினருக்குத் தொல்லை பாதிக்குமேல் குறைந்திருந்தது. மனச்சோர்வு குறைந்ததற்கும் இப்பயனுக்கும் அதிகத் தொடர்பில்லை என்பதும் அவர்களின் ஆய்வுகளில் தெரிந்தது.

போலி மாத்திரை உண்டவர்களிலோ 34 விழுக்காட்டினர் அதே அளவு குணம் கண்டனர்! நம்பிக்கையும், நோய் தானாகவே ஏறி இறங்கும் இயல்பும் இதற்குக் காரணங்கள். வெர்னியர் அளவியில் சுழிப்பிழையைக் கழித்த பிறகே உண்மை அளவு கிடைக்கிறதல்லவா? இங்கும் 55-இல் 34 போக, எஞ்சும் 21 தான் மருந்தின் பங்கு.

கழித்துப் பார்க்காவிட்டால் என்ன ஆகும்? 8 முதல் 17 வயது வரையுள்ள 361 பேரிடம் நடத்திய அமெரிக்க ஆய்வு ஒன்று 2017-இல் வெளியாயிற்று. 24 வாரங்களில், தலைவலி நாட்கள் பாதியாகவோ அதற்கு மேலோ குறைந்தவர்கள் அமிட்ரிப்டிலின் குழுவில் 52 விழுக்காடு. தனியே பார்த்தால் நல்ல வெற்றி! ஆனால் போலி மாத்திரைக் குழுவில் 61 விழுக்காடு. மருந்து உண்டவர்களில் 30 விழுக்காட்டினருக்குக் களைப்பும், 25 விழுக்காட்டினருக்கு வாய் உலர்தலும் ஏற்பட்டன. போலிக் குழுவில் இவை 14, 12 மட்டுமே. ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது.

பெரியவர்களுக்கு மருத்துவர்கள் இம்மருந்தை இன்றும் தருகின்றனர். பெரியவர்களுக்கு உதவுவது சிறுவர்களுக்கும் உதவும் என்று கொள்ள முடியாது என்பதே பாடம். எந்த மருந்தைப் பற்றியும் ‘எத்தனை பேருக்குக் குணமாயிற்று?’ என்று கேட்பதோடு நிற்காமல், ‘அது இல்லாமலே எத்தனை பேருக்குக் குணமாயிற்று?’ என்றும் நாம் கேட்க வேண்டும்.