கண்ணாடித் தரை தீயில் எத்தனை நிமிடம் நிற்கும்?

கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பர் 30 அன்று கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 37 கோடி ரூபாய் செலவு. காலுக்கடியில் அலை புரளுவதைப் படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பியவர்களில் கடை கட்டுகிறவர்களும் வீடு கட்டுகிறவர்களும் இருப்பார்கள். 'நம்ம ஷோரூம் நடுவுல இப்படி ஒண்ணு போட்டா என்ன?' என்ற ஆசை கடலூர் லாரன்ஸ் ரோட்டிலும் வரலாம், சிதம்பரம் மேல வீதியிலும் வரலாம்.

ஆசையில் தப்பில்லை. சிதம்பரத்துத் தேர் வீதிகளின் பழைய மனைகள் பல முகப்பில் ஒடுங்கி உள்ளே நீண்டு போகிறவை. முற்றம் இருந்தவரை வெளிச்சத்துக்குக் குறைவில்லை. இடித்துவிட்டு மாடி எழுப்பும்போது முதலில் போவது அந்த முற்றம்தான். பிறகு பட்டப்பகலிலும் டியூப்லைட். ஒவ்வொரு தளத்திலும் நாலடிக்கு நாலடி கண்ணாடி பதித்தால் மொட்டைமாடி வெயில் கீழ்த்தளம் வரை இறங்கும்.

ஆனால் பாலத்துக்குக் கீழே இருப்பது கடல். கடைத் தளத்துக்குக் கீழே இருப்பது புடவைக் கட்டு, அட்டைப்பெட்டி, ஏசி வயர், மனிதர்கள். கான்கிரீட் தளம் நம் கண்ணில் படாத ஒரு வேலையையும் செய்துகொண்டிருக்கிறது: கீழே தீப்பிடித்தால் அதை மேலே ஏறவிடாமல் நிறுத்துவது. அதில் ஓட்டை போட்டுக் கண்ணாடி வைத்தால் அந்தப் பொறுப்பு கண்ணாடியின் தலையில் விழுகிறது. 2017 மே 31 அன்று சென்னை தியாகராய நகரில் ஏழு மாடி ஜவுளிக்கடை ஒன்றில் கீழே பிடித்த தீ மாடி மாடியாக ஏறி, மறுநாள் கட்டடத்தின் ஒரு பகுதியையே சரித்தது. அது கண்ணாடித் தரையால் வந்ததல்ல. ஆனாலும் துணி நிறைந்த கட்டடத்தில் தீ எந்தத் திசையில் போகும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

'கண்ணாடி எரியாதே, அப்புறம் என்ன?' என்பார்கள். எரியாது, ஆனால் வெடிக்கும். வெப்பம் மிகுந்தால் இளகும். இளகும் என்பது கடலூர் மாவட்டத்துக்குப் புதிதும் அல்ல. இன்று சிப்காட் தொழிற்பேட்டை இருக்கும் குடிகாடு, காரைக்காடு பக்கம் பழங்காலத்தில் கண்ணாடி மணி செய்தவர்கள் அந்த இளக்கத்தை வைத்தே பிழைத்தார்கள். சாதாரணக் கண்ணாடியின் ஒரு பகுதி மற்றப் பகுதியைவிட 40 டிகிரி சூடேறினாலே விரிசல் விடலாம். டஃபன்ட் கிளாஸ் 200 டிகிரி வித்தியாசம் வரை தாங்கும். ஆய்வகத் தீச்சோதனை உலையிலோ அரை மணி நேரத்தில் 840 டிகிரியும் ஒரு மணி நேரத்தில் 945 டிகிரியும் தொட்டுவிடும். 'டஃபன்ட் போட்டாச்சு சார், பயமில்லை' என்று கடைக்காரர் சொல்வது குழந்தை மோதினால் குத்திக் கிழிக்காது என்பதற்குத்தான் உறுதி. தீக்கு அல்ல.

தீயில் ஒரு தரை செய்யவேண்டிய வேலை மூன்று. மேலே நிற்பவரைத் தாங்க வேண்டும். தீச்சுவாலையும் சூட்டுப்புகையும் இடுக்கில் நுழையாமல் அடைக்க வேண்டும். மேல்பரப்பு சுடாமல் இருக்க வேண்டும். சராசரியாக 140 டிகிரிக்கு மேல், எந்த ஒரு புள்ளியிலும் 180 டிகிரிக்கு மேல் சூடு கூடக் கூடாது என்பது சோதனைக் கணக்கு. ஐரோப்பியச் சான்றிதழ்களில் இவை ஆர், இ, ஐ என்று மூன்று எழுத்துகளாக வரும், பக்கத்தில் நிமிடம். வெறும் 'இ 60' என்றால் ஒரு மணி நேரம் தீ தாண்டாது, அவ்வளவே. மேலே கால் வைக்க முடியுமா, தரை ஆளைத் தாங்குமா என்பதற்கு அதில் பதில் கிடையாது. தரைக்கு மூன்று எழுத்தும் வேண்டும். சுவருக்கும் கதவுக்கும் வாங்கிய சான்றிதழைத் தரைக்குக் காட்டுவது அதனால்தான் செல்லாது: தரையைச் சோதிக்கும்போது மேலே பாரம் ஏற்றி, கீழிருந்து எரிக்கிறார்கள்.

இப்படிப்பட்ட தரையை ஒற்றைப் பலகையால் செய்ய முடியாது. மேலே நடக்கும் அடுக்கு. 10, 12 எம்.எம். கண்ணாடிகளை மூன்றாக ஒட்டிய லேமினேட்டட். ஒன்று உடைந்தாலும் மற்ற இரண்டும் பாரம் தாங்க வேண்டும் என்பது வடிவமைப்பு விதி. கன்னியாகுமரியில் 2025-இல் பராமரிப்பு வேலையின்போது சுத்தியல் விழுந்து ஒரு கண்ணாடியில் விரிசல் விட்டதாகச் செய்தி வந்ததே, அதற்காகப் பாலம் இடிந்துவிடவில்லை. மூன்றையும் டஃபன்டாக வைப்பதைவிட, உடைந்தால் பெரிய துண்டுகளாக நிற்கும் ஹீட் ஸ்ட்ரெங்தன்ட் வகையைக் கலப்பது நல்லது. டஃபன்ட் மூன்றும் பொடியாக நொறுங்கினால் ஒட்டுப்படலத்தோடு சேர்ந்து தொங்கிப்போகும். அந்தப் படலமாவது தாங்குமா என்றால், வழக்கமான பிவிபி நம் கத்திரி வெயிலிலேயே தளர்ந்துவிடும். தீயில் அதை நம்ப வழியில்லை.

அதனால் கீழே இன்னொரு அடுக்கு. மெல்லிய கண்ணாடிகளுக்கு நடுவே சோடியம் சிலிக்கேட் படலம் வைத்தது. 120 டிகிரி வாக்கில் அந்தப் படலம் எண்ணெயில் போட்ட அப்பளம்போல் பொங்கி, வெள்ளை நுரையாக இறுகி, வெப்பத்தை மறிக்கும். பார்வை மறைந்துபோகும், மேலே இருப்பவர் கீழே தீ தெரியாமல் நடந்துபோகலாம் என்பதும் ஒரு நன்மைதான். கீழடுக்கு தீயை வாங்கிக்கொள்ள, மேலடுக்கு குளிர்ந்து நின்று ஆளைத் தாங்குகிறது. இரண்டையும் ஏந்தும் இரும்புச் சட்டத்தை யாரும் கவனிப்பதில்லை. 550 டிகிரியில் இரும்பு தன் வலுவில் கணிசமான பங்கை இழக்கும். அதற்குத் தீக்காப்புப் பூச்சோ உறையோ இல்லாவிட்டால், சான்றிதழ் பெற்ற கண்ணாடி முழுசாகவே கீழே விழும்.

கடலூருக்கென்று கூடுதல் கவலைகள் உண்டு. சிலிக்கேட் படலத்துக்கு ஈரம் ஆகாது. ஓரத்தை ஆலையிலேயே நாடா ஒட்டி மூடி அனுப்புவார்கள். வந்த கண்ணாடி கால் அங்குலம் பெரிதாக இருக்கிறது என்று சைட்டில் அறுத்தால் தீர்ந்தது. பல தயாரிப்புகள் 45, 50 டிகிரிக்கு மேல் வெயிலில் கிடக்கக் கூடாது என்று நிபந்தனை போடுகின்றன. சில்வர் பீச் பக்கத்து மொட்டைமாடியில் இரும்புச் சட்டம் சித்திரையில் அதைத் தாண்டிவிடும். உப்புக்காற்றுக்குச் சட்டத்தில் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட்க வேண்டும்.

பாரக் கணக்குக்கு ஐ.எஸ். 875 இருக்கிறது: சில்லறைக் கடைக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 400 கிலோ, ஆட்கள் நெருக்கியடிக்கும் கூடத்துக்கு 500. கட்டடங்களில் கண்ணாடி பயன்படுத்துவதற்கு ஐ.எஸ். 16231, அதன் மூன்றாம் பாகமே தீயும் பாரமும். எந்தக் கட்டடத்தின் தளம் எத்தனை நிமிடம் நிற்கவேண்டும் என்பது 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நான்காம் பாகத்தில், உயரத்துக்கும் பயன்பாட்டுக்கும் ஏற்ப. பொறியாளர் எழுதும் ஆர்டரில் 'ஃபயர் ரேட்டட் கிளாஸ்' என்று ஒரு வரி இருந்தால் அதைத் திருப்பிக் கொடுங்கள். கண்ணாடி, சட்டம், கேஸ்கெட், தாங்கும் உத்தரம், பலகையின் அதிகபட்ச அளவு, மேலிருக்கும் பாரம் எல்லாம் சேர்ந்து எந்த ஆய்வகத்தில் எத்தனை நிமிடம் நின்றது என்று இருக்க வேண்டும். சோதனையில் நின்ற பலகையைவிடப் பெரிதாக ஒன்று கேட்டால் அந்த அறிக்கை அதற்குப் பொருந்தாது. இந்தியாவில் ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தில் தீச்சோதனை உலை இருக்கிறது.

என்னைக் கேட்டால், தளங்களுக்கு நடுவே கண்ணாடி போட நினைப்பவர்களில் பலருக்கு வேண்டியது வெளிச்சம்தான். அதைச் சுற்றுச்சுவர் வைத்த திறந்த முற்றமாகவே விட்டால் செலவும் குறைவு, காற்றும் வரும். ஒரே தளத்துக்குள் பழைய கிணற்றின் மேலோ நீர்த்தொட்டியின் மேலோ போடுகிற கண்ணாடிக்குத் தீச்சான்றிதழ் பெரும்பாலும் தேவைப்படாது; பாரக் கணக்கும் வழுக்காத பரப்பும் போதும். அப்படியும் மாடிக்கு மாடி வேண்டும் என்றால், தீயணைப்புத் துறையிடம் தடையின்மைச் சான்றுக்குப் போகும் வரைபடத்திலேயே அதைக் காட்டிவிடுங்கள். ஒவ்வொரு அளவிலும் ஒரு உதிரிப் பலகை சேர்த்து ஆர்டர் செய்யுங்கள். பத்து வருடம் கழித்து ஒன்று உடையும்போது, பக்கத்துக் கண்ணாடிக் கடையில் அதே கனத்தில் கிடைக்கும் பலகையைப் பதித்துவிட்டுப் போவதற்கு மேஸ்திரி தயாராக இருப்பார். பார்வைக்கு வித்தியாசமும் தெரியாது. சோதனை அறிக்கை மட்டும் அன்றோடு செல்லாமல் போகும்.