பழைய படகின் தேக்குப் படி: பளபளப்பா, பிடிமானமா?

கடலில் நீந்திவிட்டுப் படகில் ஏறுகிறீர்கள். கை ஏணியைப் பிடிக்கிறது. ஈரக் கால் ஒரு பலகையின்மேல் படுகிறது. படகின் பின்பக்கத்தில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பலகைதான் நீச்சல் படி. நீரிலிருந்து ஏறும் ஒவ்வொருவரும் ஈரக் காலோடு மிதிக்கும் இடம் அது. வெயில், மழை, உப்புநீர் மூன்றும் விடாமல் தாக்கும் இடமும் அதுதான்.

முப்பது நாற்பது ஆண்டுப் பழைய உல்லாசப் படகுகள் பலவற்றில் இந்தப் படி தேக்கு மரத்தால் ஆனது. மலாய் மொழியில் இதை 'ஜாத்தி' என்பார்கள். தென்னிந்தியர் வழங்கிய 'தேக்கு' என்னும் சொல்தான் போர்த்துகீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'தீக்' ஆனது.

நம் வட்டாரத்துக்கும் தேக்குப் பதித்த படகுகளுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஹாங்காங்கில் தொடங்கிய 'கிராண்ட் பேங்க்ஸ்' படகுக் கட்டுமானம் 1960களின் இறுதியில் சிங்கப்பூருக்கு வந்தது. இன்று அது ஜொகூரின் பாசிர் கூடாங்கில் நடக்கிறது. 1973இல் அந்தப் படகுகளின் உடல் மரத்திலிருந்து கண்ணாடியிழைக்கு மாறியது. அதன் பிறகும் தளம், கைப்பிடி போன்ற இடங்களில் தேக்கு நீடித்தது.

இப்படிப்பட்ட ஒரு பழைய படகின் படி சாம்பல் நிறமாகி, வரிவரியாகப் பள்ளம் விழுந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை எப்படிப் புதுப்பிப்பது? "நன்றாகத் தேய்த்து, வார்னிஷ் அடித்துக் கண்ணாடிபோல் ஆக்கிவிடலாம்" என்றுதான் பலருக்கும் முதலில் தோன்றும். ஆனால், அது படிக்கும் நல்லதல்ல, படியை மிதிக்கும் காலுக்கும் நல்லதல்ல. ஏன் என்று பார்ப்போம்.

சாம்பல் நிறம் அழுக்கு அல்ல

மரத்தைக் கான்கிரீட்டோடு ஒப்பிடலாம். கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பிகள் இருப்பதுபோல மரத்துக்குள் செல்லுலோஸ் நார்கள் இருக்கின்றன. கம்பிகளைச் சுற்றிச் சிமெண்டு இறுகியிருப்பதுபோல, நார்களை 'லிக்னின்' என்னும் பொருள் சேர்த்துப் பிடித்திருக்கிறது.

இந்த லிக்னினுக்கு ஒரு பலவீனம் உண்டு. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்களை அது எளிதில் உறிஞ்சிக்கொள்ளும். அந்த ஆற்றல் அதன் மூலக்கூறுகளில் உள்ள பிணைப்புகளை உடைக்கிறது. உடைந்த துணுக்குகளை மழையும் கடல்நீரும் கழுவிக்கொண்டு போகின்றன. மிஞ்சி நிற்பவை வெளிறிய செல்லுலோஸ் நார்கள். அவற்றோடு நுண்ணிய பூஞ்சைகளும் சேரும்போது நம் கண்ணுக்குத் தெரிவது வெள்ளி கலந்த சாம்பல் நிறம்.

இந்தச் சிதைவு எவ்வளவு ஆழத்துக்குப் போகிறது? புற ஊதாக் கதிர் மரத்துக்குள் 0.1 மில்லிமீட்டர்கூட ஊடுருவுவதில்லை. உங்கள் பள்ளியில் பயன்படுத்தும் ஏ4 தாள் ஒன்றின் தடிமன் ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்குக் கீழே இருக்கும் மரம் பொன்பழுப்பு நிறத்தோடு நலமாகவே இருக்கும்.

மித வெப்ப நாடுகளில் ஊசியிலை மரப் பலகை ஒன்று வெயிலிலும் மழையிலும் கிடந்தால், நூறு ஆண்டில் சுமார் 6 மில்லிமீட்டர் தேயும் என்பது மர ஆய்வாளர்களின் பொதுவான மதிப்பீடு. நம் வெயில் அதைவிடக் கடுமையானதுதான். ஆனாலும், படகின் படி காலத்துக்கு முன்பே மெலிந்துபோவதற்குப் பெரும்பாலும் வெயிலைவிட மனிதக் கைகளே காரணம். முரட்டுத் தூரிகை, அதிவேக நீர்ப்பீய்ச்சி, அடிக்கடி உரசும் உப்புத்தாள் ஆகிய மூன்றும் சேர்ந்து பலகையைத் தின்றுவிடுகின்றன.

தேக்குக்கு ஏன் இந்த மதிப்பு?

தேக்கு தனக்குத் தேவையான காப்பைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. அதன் இயற்கை எண்ணெய்ப் பொருள்கள் நீரைத் தடுக்கின்றன. 'டெக்டோகுவினோன்' போன்ற வேதிப்பொருள்கள் கரையானையும் பூஞ்சையையும் எதிர்க்கின்றன. மணலில் இருக்கும் சிலிக்காவும் தேக்கில் சிறிதளவு உண்டு. தச்சரின் உளியையும் ரம்பத்தையும் தேக்கு சீக்கிரம் மழுங்கடிப்பதற்கு இதுவே காரணம். ஈரத்தில் ஊறினாலும் வெயிலில் காய்ந்தாலும் தேக்கு மற்ற பல மரங்களைவிடக் குறைவாகவே விரிந்து சுருங்குகிறது.

பழைய படகுகளில் இருப்பது பெரும்பாலும் இயற்கைக் காட்டில் மெல்ல வளர்ந்த தேக்கு. அப்படிப்பட்ட மரம் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. காட்டுத் தேக்குக்குப் பெயர்பெற்ற மியன்மார், வெட்டிய மரங்களை அப்படியே ஏற்றுமதி செய்வதை 2014 ஏப்ரலில் தடை செய்தது. ஆகவே பழைய படியில் மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் சேமிப்புக் கணக்கில் உள்ள பணம் போன்றது. எடுத்தால் குறையும். திரும்பப் போட வழியில்லை.

முதலில் குனிந்து அடியில் பாருங்கள்

மேற்பரப்பைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் படியின் அடிப்பகுதி. படியை உலோகத் தாங்கிகளும் திருகாணிகளும்தான் படகோடு பிணைத்து வைத்திருக்கின்றன. அவை பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகால் ஆனவை. ஆனால், 'துருப்பிடிக்காத' என்பது நிபந்தனைக்கு உட்பட்டது.

அந்த எஃகில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருக்கும். அது காற்றிலும் நீரிலும் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் படலத்தை உருவாக்குகிறது. படலம் கீறப்பட்டாலும், ஆக்சிஜன் கிடைத்தால் உடனே மீண்டும் உருவாகிவிடும். ஈர மரத்துக்குள் புதைந்த திருகாணிக்கோ ஆக்சிஜன் போதுமான அளவு கிடைப்பதில்லை. கடல்நீரின் குளோரைடும் அங்கே சேர்ந்துகொள்கிறது. வெளியே தலை பளபளவென்று இருக்க, உள்ளே தண்டு அரிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். இதை இடுக்கு அரிமானம் என்பார்கள். பழுப்புக் கறை வழிந்திருந்தாலோ, படி லேசாக ஆடினாலோ முதலில் திருகாணியைத்தான் மாற்ற வேண்டும்.

திருகாணித் தலைகளை மூடியிருக்கும் சிறிய வட்ட மர அடைப்புகளையும் கவனிக்க வேண்டும். பலகை மெலிய மெலிய அந்த அடைப்புகளும் மெலிந்து கழன்று விழும். "இனி என்னைத் தேய்க்காதே" என்று பலகை தரும் எச்சரிக்கை அது.

இன்னொன்று: இந்த வேலையின்போது படகின் எஞ்சினும் ஜெனரேட்டரும் நின்றிருக்க வேண்டும். பல படகுகளில் புகைக்குழாய் இந்தப் படிக்கு அருகில்தான் திறக்கிறது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆனால், அது உயிரைப் பறிக்கக்கூடியது.

கழுவுவதிலும் அறிவியல்

தேக்கில் மென்மையான வளர்ச்சிப் பகுதியும் கடினமான பகுதியும் மாறி மாறி வரும். மரத்தின் ரேகை போகும் திசையிலேயே முரட்டுத் தூரிகையால் தேய்த்தால், மென்மையான பகுதி மட்டும் வெளியேறிப் பள்ளமாகும். கடினமான பகுதி மேடாக நிற்கும். அதனால்தான் அனுபவசாலிகள் மென்மையான தூரிகையை ரேகைக்குக் குறுக்காக, அழுத்தாமல் ஓட்டுகிறார்கள். லேசான சோப்பு நீரே பல படிகளுக்குப் போதும்.

இரும்பு பட்ட இடத்தில் கறுப்புக் கறை இருந்தால் சோப்பு போதாது. மரத்திலுள்ள டானின் வகைப் பொருள்கள் இரும்போடு சேர்ந்து கறுப்பான சேர்மத்தை உண்டாக்கியிருக்கும். அதற்கு ஆக்சாலிக் அமிலக் கரைசல் பயன்படுகிறது. இந்த அமிலம் இரும்பு அயனிகளைப் பற்றிக்கொண்டு, நீரில் கரையும் சேர்மமாக மாற்றிவிடும். பிறகு நீரை ஊற்றிக் கழுவினால் கறை போய்விடும். பசலைக் கீரையிலும் நட்சத்திரப் பழத்திலும் இருப்பது இதே அமிலம்தான். ஆனால், கடையில் வாங்கும் தூள் செறிவானது, நச்சுத்தன்மை உடையது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அதைத் தொடக்கூடாது.

உப்புத்தாளை எப்போது எடுப்பது?

பள்ளங்கள் ஆழமாகி, நார்கள் சிலாம்பாகக் காலில் குத்தும் நிலை வந்தால்தான் உப்புத்தாள் தேவை. உப்புத்தாளின் எண் கூடக் கூட அதன் துகள்கள் சிறியவையாகும். 80 எண் தாளில் உள்ள துகள் சுமார் 0.2 மில்லிமீட்டர். 120 எண் தாளில் சுமார் 0.125 மில்லிமீட்டர். 80இல் தொடங்கி மேடுகளைச் சமன்செய்து, 120இல் முடித்துவிடலாம். அதற்கு மேலும் வழவழப்பாக்கத் தேவையில்லை. பள்ளத்தின் அடிவரை தேய்த்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. மேடுகள் தாழ்ந்து சிலாம்பு போனாலே போதும்.

தேக்குத் தூள் சிலருக்குத் தோல் அரிப்பையும் மூச்சுத் தொல்லையையும் தரும். மரத்தூளை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் ஒன்றாக அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவை வகைப்படுத்தியிருக்கிறது. எனவே முகக்கவசம் கட்டாயம்.

எண்ணெயா, வார்னிஷா, ஒன்றும் வேண்டாமா?

கைப்பிடிக்கும் கதவுக்கும் வார்னிஷ் அழகுதான். ஆனால், படியின் கதை வேறு. வார்னிஷ் என்பது மரத்தின் மேல் ஒட்டியிருக்கும் ஒரு படலம். படியோ அடிக்கடி நீரில் நனையும் பலகை. அடியிலிருந்தும் மூட்டுகளிலிருந்தும் நீர் உள்ளே புகுந்து படலத்தைத் தள்ளும். படலத்தை ஊடுருவும் புற ஊதாக் கதிர் அதன் கீழேயுள்ள லிக்னினையும் சிதைக்கும். சிதைந்த மரத்தின்மேல் படலம் எப்படி ஒட்டி நிற்கும்? கொப்புளம் வரும், உரியும். உரிந்ததைச் சுரண்ட மறுபடியும் உப்புத்தாள்! சேமிப்புக் கணக்கு இன்னும் கரையும்.

அதைவிடப் பெரிய சிக்கல் வழுக்கல். வழவழப்பான பரப்பில் நீர் மெல்லிய படலமாக நின்று, பாதத்துக்கும் பலகைக்கும் இடையில் புகுந்துகொள்கிறது. பூச்சு இல்லாத தேக்கின் நுண்துளைகளும் ரேகைகளும் அந்த நீர் விலக இடம் கொடுக்கின்றன, கால் பிடித்து நிற்கிறது. அலையில் ஆடும் படகில் இந்த வேறுபாடு சிறியதல்ல.

எண்ணெய் பூசினால் நிறம் திரும்பும். ஆனால், நம் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் அது நீண்டநாள் நிற்காது. ஆளி விதை எண்ணெய் போன்றவை பூஞ்சைக்கு உணவாகவும் ஆகலாம். ஆகவே நாள்தோறும் மிதிபடும் படிக்கு எளிய வழி, சுத்தமாக்கிவிட்டு அப்படியே விட்டுவிடுவது. சாம்பல் நிறம் திரும்பி வந்தாலும் அது நோயல்ல. நிறம் வேண்டும் என்போர் மெல்லிய எண்ணெய் ஒன்றைத் தடவலாம்.

கசக்கி எறிந்த துணி தீப்பிடிக்குமா?

பிடிக்கும். ஆளி விதை எண்ணெய் 'காய்வது' நீர் ஆவியாவதுபோல் அல்ல. அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து இறுகுகிறது. அந்த வினை வெப்பத்தை வெளியிடும். பலகையில் அந்த வெப்பம் காற்றில் கலந்துவிடும். எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கி ஒரு மூலையில் போட்டால் வெப்பம் உள்ளேயே தங்கும். வெப்பம் ஏற ஏற வினை வேகமாகும். கடைசியில் தீக்குச்சி இல்லாமலே துணி பற்றிக்கொள்ளும்.

1991 பிப்ரவரி 23ஆம் நாள் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் 'ஒன் மெரிடியன் பிளாசா' என்ற 38 மாடிக் கட்டடம் தீப்பிடித்தது. மர வேலைக்குப் பிறகு விட்டுச்சென்ற ஆளி விதை எண்ணெய்த் துணிகளிலிருந்துதான் அந்தத் தீ தொடங்கியது. மூன்று தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தனர். இத்தகைய துணியை வெளியே விரித்துக் காயவைக்க வேண்டும். இல்லையெனில், நீர் நிரம்பிய உலோக டின்னில் போட்டு மூட வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

படகு இல்லாமலே பிடிமானத்தை அளக்கலாம். ஒரே மரத்தில் இரண்டு பலகைத் துண்டுகள் எடுங்கள். ஒன்றைப் பூச்சில்லாமல் விடுங்கள். மற்றொன்றுக்குப் பெரியவர் ஒருவர் உதவியோடு வார்னிஷ் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். இரண்டின்மேலும் நீரைத் தெளியுங்கள். பழைய ரப்பர் சிலிப்பரிலிருந்து வெட்டிய ஒரு துண்டைப் பலகைமேல் வைத்து, ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். துண்டு நழுவத் தொடங்கும் கோணத்தைக் கோணமானியால் அளந்து எழுதுங்கள். ஒவ்வொரு பலகையிலும் ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள்.

அந்தக் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பே நிலை உராய்வுக் குணகம். 20 பாகையில் நழுவினால் 0.36. 30 பாகையில் நழுவினால் 0.58. எண் பெரிதாக இருந்தால் பிடிமானம் அதிகம். சிலிப்பர் துண்டின்மேல் சில நாணயங்களை ஒட்டி எடையைக் கூட்டிப் பாருங்கள், கோணம் மாறுகிறதா என்று.

பிறகு அந்த இரண்டு பலகைகளையும் எதிரே வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் தம்பியோ தங்கையோ கடலிலிருந்து ஈரக் காலோடு ஏறி வருவதாக இருந்தால், எந்தப் பலகையைப் படியாகப் போடுவீர்கள்?