ஸ்பிட்ஃபயருக்கு அக்கா

ஸ்டாண்டர்டு ஹெரால்டின் பானெட்டைத் திறந்து பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். கதவுகளுக்குச் சற்று முன்னால், பக்கத்துக்கு ஒரு கொண்டி. இரண்டையும் விடுவித்துப் பின்விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் மட்கார்டு, ஹெட்லைட், கிரில் எல்லாம் சேர்ந்து மொத்த மூக்கும் முன்பக்கமாகச் சாய்ந்து நின்றுவிடும். எஞ்சின், ஸ்டியரிங் ரேக், முன்சக்கரங்களின் சஸ்பென்ஷன், சேஸிஸின் முன்முனை எதுவும் மறைவில் இருக்காது. முன்டயரின் மேலேயே உட்கார்ந்துகொண்டு பிளக் கழற்றலாம், டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் தேய்க்கலாம். குழந்தைகளைப் பக்கத்தில் நிறுத்தி, கார் எப்படி ஓடுகிறது என்று கையால் தொட்டுக் காட்டலாம்.

ஆங்கிலேயரின் சிறிய ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் எம்.ஜி., ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட், டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்று பெயர்கள் வரும். கோவையில் அவற்றை நேரில் கண்டவர்கள் குறைவு. ஆனால் ஸ்பிட்ஃபயரின் சேஸிஸ், முன் சஸ்பென்ஷன், பின் ஆக்ஸில், எஞ்சின் குடும்பம் ஆகிய நான்கும் ஹெரால்டிலிருந்து போனவை. அந்த ஹெரால்டு நம்முடைய வண்டலூரில் செய்யப்பட்டது. அவினாசி சாலையிலும் பொள்ளாச்சி சாலையிலும் டாக்டர்களும் மில் அதிகாரிகளும் ஓட்டிப் போன குடும்பக் கார் அது. ஸ்பிட்ஃபயரின் சூட்சுமம் தெரிய வேண்டுமானால் இந்த அக்காவைப் பிரித்துப் பார்த்தாலே போதும் என்பது, ஹெரால்டு ஒன்றை வைத்துப் பராமரித்த அனுபவத்தில் நான் சொல்வது.

1950களில் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு டிரையம்ஃப் நிறுவனத்துக்கு ஒரு நெருக்கடி வந்தது. அதற்கு பாடி அடித்துக் கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியை 1953இல் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. அந்தக் காலத்தில் மற்ற கம்பெனிகள் சேஸிஸே இல்லாத, பாடியே எலும்புக்கூடாக அமைந்த கார்களுக்கு மாறிக்கொண்டிருந்தன. அப்படி ஒரு பாடியை ஒரே இடத்தில் அடித்துத் தர டிரையம்ஃபுக்கு ஆள் இல்லை. அதனால் பழைய வழிக்கே போனார்கள். கீழே தனியாக ஓர் இரும்புச் சேஸிஸ். மேலே வெவ்வேறு இடங்களில் அடித்துக் கொண்டுவந்து போல்ட் போட்டு இணைக்கும் பாடித் துண்டுகள். உருவத்தை வரைந்து கொடுத்தவர் இத்தாலியின் ஜியோவான்னி மிக்கெலோட்டி. 1959இல் ஹெரால்டு வெளிவந்தது.

நெருக்கடியில் பிறந்த இந்த ஏற்பாடுதான் ஸ்பிட்ஃபயருக்கு வழிவிட்டது. சேஸிஸ் தனியாக இருந்தால் அதன் நீளத்தைக் குறைத்து, மேலே வேறொரு பாடியை வைத்துவிடலாம். ஹெரால்டின் முன்பின் சக்கர இடைவெளி 91.5 அங்குலம். அதை 83 அங்குலமாகக் குறைத்தார்கள், 1147 சி.சி. எஞ்சினில் இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர் பூட்டினார்கள், மிக்கெலோட்டியிடமே இரண்டு பேர் உட்காரும் திறந்த பாடி ஒன்றை வரைந்து வாங்கினார்கள். கையில் காசில்லாமல் அந்த முன்மாதிரி வண்டி தொழிற்சாலை மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. 1961இல் நிறுவனத்தை வாங்கிய லேலண்ட் ஆட்கள் சுற்றிப் பார்க்கும்போது துணியை விலக்கிப் பார்த்துச் சரி சொன்னார்கள். 1962இல் விற்பனைக்கு வந்த ஸ்பிட்ஃபயர் 1980 வரை 3 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது.

இந்தியாவில் சென்னையைச் சேர்ந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ், 1961இல் ஹெரால்டைத் தயாரிக்கத் தொடங்கியது. எஞ்சின் சிறியது, 948 சி.சி. அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு என்று மூன்றே தேர்வுகள் இருந்த காலத்தில் இதுதான் பார்வைக்கு இளமையானது. நம் குடும்பங்களின் அளவைப் பார்த்து, 1960களின் பிற்பகுதியில் நான்கு கதவு வைத்த ஹெரால்டு ஒன்றையும் செய்தார்கள். அது இந்தியாவுக்கு மட்டுமே உரியது. 1972இல் ஹெரால்டை ஒட்டிய கேஸல் என்ற கார் வந்தது. 1988 வாக்கில் தொழிற்சாலையே நின்றுபோனது.

எனக்கு வாய்த்தது இரண்டு கதவு வண்டி. அவினாசிப் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளையில் வெகுகாலம் நின்று கிடந்தது. கூரை கூட போல்ட்டில்தான் நிற்கிறது என்பது அதை வாங்கிய பிறகே தெரிந்தது. முன்கண்ணாடிக்கு மேலும், பின்னால் டிக்கி ஓரத்திலும் உள்ள போல்ட்டுகளைக் கழற்றி, இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்தால் கூரை தனியே வந்துவிடும். பாடி கொஞ்சம் தளரும், கதவு இடைவெளி மாறும். ஆனாலும் எடையைத் தாங்குவது சேஸிஸ் என்பதால் வண்டி நிற்கும். இன்றைய கார் எதிலும் கூரையை அறுத்துவிட்டு ஓட்ட முடியாது. ஆனைகட்டிச் சாலையில் கூரையில்லாமல், தலைக்கு மேல் புளியமரக் கிளைகளைப் பார்த்தபடி போன காலைகள்தான் அந்த வண்டியால் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போனாலும் வேகம் உடம்பில் ஏறும். தரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம், காற்று நேராக முகத்தில் அடிக்கிறது, சாலையின் சொரசொரப்பு ஸ்டியரிங் வழியாகக் கைக்கு வருகிறது. ஆங்கிலேயரின் சிறிய ஸ்போர்ட்ஸ் கார்கள் எதுவும் குதிரைத் திறனை நம்பிப் பிறந்தவை அல்ல. குறைந்த எடையையும் நேரான ஸ்டியரிங்கையும் நம்பியவை.

இந்தக் குடும்பத்து வண்டிகளில் அறிய வேண்டிய முதல் உறுப்பு டிரன்னியன். முன்சக்கரத்தைத் தாங்கி நிற்கும் செங்குத்தான இரும்புத் துண்டின் அடியில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை ஒரு வெண்கலக் கட்டிக்குள் திருகி இறங்கியிருக்கும்; அந்தக் கட்டிதான் டிரன்னியன். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் இரும்பு மரை வெண்கல மரைக்குள் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். பேரிங் என்று தனியாக எதுவும் இல்லை, மரையே பேரிங். லோட்டஸ் நிறுவனத்தின் காலின் சாப்மன் தன் எலான் காருக்கே இந்த அமைப்பை எடுத்துக்கொண்டார் என்றால் அதன் தரத்தை ஊகிக்கலாம். எடை குறைவு, விலை குறைவு, கனகச்சிதம்.

ஆனால் அதற்கு ஊட்ட வேண்டியது எண்ணெய், கிரீஸ் அல்ல. என் வண்டியை முதலில் சரிபார்த்த கணபதிப் பட்டறை மேஸ்திரி, டிரன்னியனைக் கழற்றியதும் விரலால் வழித்துக் காட்டினார். உள்ளே கிரீஸ் காய்ந்து மெழுகாக இறுகியிருந்தது. அதற்குக் கீழே மரையில் செந்துரு. “ஏனுங் தம்பி, கிரீஸ் கன்னைத் தூக்கிட்டு வர்றவனை இதுங்கிட்டயே அண்ட விடாதீங்க. இதுக்கு 90 ஆயில்தானுங்க குடுக்கோணும்” என்றார். காரணம் எளிது. கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது. கீழே தண்ணீர் புகும், துரு பிடிக்கும், இரும்பு மெலியும். ஒருநாள் வளைவில் அந்தத் துண்டு முறிந்து, சக்கரம் வெளிப்பக்கமாக மடங்கி விழும். 90 கியர் ஆயில் என்றால் ஊறிக்கொண்டே இறங்கும்.

புது டிரன்னியன் கடையில் கிடைக்கவில்லை. ஆவாரம்பாளையத்தில் ஒரு லேத் பட்டறையில் செய்தோம். டர்னர் கன்மெட்டல் கட்டியைக் கடைந்து, உள்மரை வெட்டி, நல்ல நிலையில் இருந்த ஒரு பழைய இரும்புத் துண்டையே அளவுகோலாக வைத்துக்கொண்டார். அதன் மரையில் நீலச் சாயம் தடவித் திருகி இறக்குவார். கழற்றி, சாயம் எங்கே ஒட்டியிருக்கிறது, எங்கே ஒட்டவில்லை என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். மேடு தெரிந்த இடத்தில் மட்டும் ஒரு தடவை கருவியை ஓட்டுவார். மரை முழுக்கச் சீராக நீலம் படிந்த பிறகுதான் கட்டியை என் கையில் கொடுத்தார்.

இதெல்லாம் கோவையில் நடப்பது தற்செயல் இல்லை. 1888இல் ஸ்டேன்ஸ் தொடங்கிய பஞ்சு மில், 1930களில் வந்த பைக்காரா மின்சாரம், கிணற்றுக்குக் கிணறு மோட்டார் பம்பு என்று ஒன்றைத் தொட்டு ஒன்று வந்தது. மில் எந்திரத்துக்கும் பம்புக்கும் உதிரிபாகம் வேண்டியிருந்தது. வார்ப்பட ஆலைகளும் லேத்துகளும் பெருகின. பேட்டர்ன் செய்ய ஒருவர், வார்க்க ஒருவர், கடைய ஒருவர், கிராங்க் கிரைண்டிங்குக்கு ஒருவர் எனக் கூப்பிடு தூரத்தில் எல்லோரும் இருக்கிற ஊர் இது. பிரிட்டனில் பழைய கார் வைத்திருப்பவர்கள் உதிரிபாகக் கேட்லாக்கைப் புரட்டுகிறார்கள். கோவையில் பழைய பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போகிறோம்.

ஜி.டி. நாயுடுவிடமிருந்தே இந்தப் பழக்கம் தொடங்கியது என்று எனக்குத் தோன்றும். கலங்கல் கிராமத்தில் பிறந்த அவர், ஓர் ஆங்கிலேய அதிகாரியிடம் கண்டு ஆசைப்பட்ட மோட்டார் சைக்கிளை வாங்கி, முழுவதும் பிரித்து, மறுபடி மாட்டித்தான் எந்திரம் கற்றார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அவர் பஸ் விட்டதெல்லாம் அதற்குப் பிறகு. அவினாசி சாலையில் 2015இல் திறந்த ஜீடீ கார் அருங்காட்சியகம் அவர் குடும்பத்து அறக்கட்டளை அமைத்தது. நாயுடு பிரித்து மாட்டிய அந்த மோட்டார் சைக்கிள் ரட்ஜ், கோவென்ட்ரியில் செய்தது. அதே ரட்ஜ் நிறுவனம்தான் ஸ்போர்ட்ஸ் கார்களின் ஆரச்சக்கரத்தை அச்சில் ஒரே நட்டால் பூட்டும் முறையைக் கொண்டுவந்தது. நடுவில் காது வைத்த பெரிய நட்டு. செம்புச் சுத்தியலால் நாலு தட்டு தட்டினால் சக்கரம் கையோடு வரும். வண்டியின் இடப்பக்க நட்டுக்கு வலமரை, வலப்பக்க நட்டுக்கு இடமரை. ஓட ஓட நட்டு தானே இறுகும்படி அப்படி வெட்டினார்கள். பந்தயத்தில் நொடிக்கணக்கில் டயர் மாற்ற உதவிய இந்தச் சக்கரத்தை, கூடுதல் பணம் கொடுத்தால் ஸ்பிட்ஃபயரிலும் மாட்டிக் கொடுத்தார்கள்.

ஸ்பிட்ஃபயரின் எஸ்.யூ. கார்புரேட்டரும் ரசிக்க வேண்டிய பொருள். சாதாரண கார்புரேட்டரில் ஒவ்வொரு வேகத்துக்கும் ஒவ்வொரு துளை உண்டு. இதில் ஒரே துளை. அதற்குள் நுனி மெலிந்த ஓர் ஊசி. எஞ்சின் காற்றை இழுக்க இழுக்க மேலே ஒரு பிஸ்டன் எழும்பும், கூடவே ஊசியும் எழும்பும், இடைவெளி பெருகி அதற்குத் தக்க பெட்ரோல் வரும். இரண்டு கார்புரேட்டரும் சமமாக இழுக்கிறதா என்று பார்க்க ஒரு ரப்பர் குழாய் போதும். ஒரு முனை காதில், மறுமுனை கார்புரேட்டர் வாயில். இரண்டின் இரைச்சலும் ஒன்றாகும்வரை திருகைத் திருப்ப வேண்டும். நல்ல மெக்கானிக்கின் காது அந்த வேலையை மீட்டரைவிடச் சுத்தமாகச் செய்யும்.

இனி இந்தக் குடும்பத்தின் குறை. பின்பக்கம் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு இறுகியிருக்கும். அதன் இருபுறமும் ஒவ்வொரு மூட்டு; அதிலிருந்து ஆக்ஸில்கள் மேலும் கீழும் ஆடும். குறுக்கே ஒரே லீஃப் ஸ்பிரிங். மேடுபள்ளத்தில் இது சுகம். வளைவில் வேகமாகப் போகும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் பின்பக்கம் எழும்பும், வெளிப்பக்கச் சக்கரத்தின் அடி உள்ளே மடங்கும், டயரின் ஓரம் மட்டும் தரையில் நிற்கும், வண்டியின் வால் வீசிவிடும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஹெரால்டு பெருமையோடு திரும்பும். 7.6 மீட்டர் விட்டத்தில் முழுவட்டம் அடித்துவிடும். மாருதி 800க்குக்கூட 8.8 மீட்டர் வேண்டும். இறங்கும்போது கொண்டை ஊசிகளுக்கு இடையிலுள்ள நீண்ட வளைவுகளில்தான் கவனம். பிரேக்கை வளைவுக்கு முன்பே முடித்துவிட்டு, வளைவுக்குள் ஆக்ஸிலரேட்டரை ஒரே அழுத்தத்தில் வைத்திருக்க வேண்டும். ஸ்பிட்ஃபயரில் இந்தக் குறையை 1970இல்தான், ஸ்பிரிங்கின் அமைப்பை மாற்றித் திருத்தினார்கள். நம் நாட்டில் கார் வாங்கியவர்களும் மெக்கானிக்குகளும் இந்த ஆக்ஸிலை நம்பவே இல்லை. அதனால் கேஸலில் பழைய மாதிரி ஒரே துண்டு ஆக்ஸிலைப் போட்டார்கள். அந்த மாற்றம் வண்டியைப் பத்திரமாக்கியது, ஸ்பிட்ஃபயரின் உறவை அறுத்தது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

சித்திரை வெயிலில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறினால் இன்னொரு தொந்தரவு. எஞ்சினின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் பெட்ரோல் பம்பு சூடேறி, உள்ளேயே பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிடும். ஈரத்துணியைப் பம்பின்மேல் போட்டு, டீ குடித்துவிட்டு வந்தால் கிளம்பும்.

2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும், பதிவு 10 ஆண்டு செல்லும், கட்டணம் 20,000 ரூபாய். அன்றாடப் பயணத்துக்கும் வாடகைக்கும் ஓட்டக் கூடாது. வண்டி பெரிய மாற்றமில்லாமல் அசல் உருவில் இருக்க வேண்டும். பெரும்பாலான ஹெரால்டுகள் இப்போது வயதில் தகுதி பெற்றுவிட்டன. வேறு கம்பெனி எஞ்சினைத் தூக்கிப் போட்டவை தேறுவது சிரமம். 948 சி.சி. எஞ்சினை போர் செய்து, கிராங்க் பிடித்துத் தர இந்த ஊரில் ஆள் இருக்கும்போது அதைத் தூக்கி எறிய ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

வாங்க நினைப்பவர்கள் பெயின்டைப் பார்த்து மயங்க வேண்டாம். ஆர்.சி. புத்தகத்து எண்ணைச் சேஸிஸ் எண்ணோடு ஒப்பிட்டுவிட்டு, நேராகக் கீழே படுத்துப் பாருங்கள். நடுச் சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் துருப்பிடித்து உதிர்கின்றனவா என்று ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். பிறகு முன்சக்கரத்தைத் திருப்பி, டிரன்னியனைத் தடவிப் பாருங்கள். விரலில் கிரீஸ் வந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். 90 ஆயில் வந்தால் பேரம் பேசி நேரத்தை வீணாக்காமல் முன்பணம் கொடுத்துவிடுங்கள்.