பழைய உலாவிகளில் குறிப்புரை

குறிப்புரை (பிளேஸ்ஹோல்டர்) என்பது இணையப் படிவத்தின் வெற்றுப் பெட்டியில், அங்கு என்ன எழுத வேண்டும் என்று காட்டும் மங்கலான எழுத்து ஆகும். பயனர் தட்டச்சு செய்ததும் அது மறைந்துவிடும். எச்.டி.எம்.எல். 5 இதற்கெனத் தனிப் பண்பு ஒன்றைத் தந்தது. அப்பண்பை அறியாத உலாவிகளில் அதே விளைவை ஜாவாஸ்கிரிப்ட் நிரல் மூலம் பெறலாம்.

பின்னணி

இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவியில் 2012இல் வந்த 10ஆம் பதிப்பு முதலே இப்பண்பு இயங்கியது. விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளில் 8ஆம் பதிப்புக்கு மேல் நிறுவ இயலாது. ஆகவே அக்கணினிகளில் அவ்வுலாவியைப் பயன்படுத்தியோர் வெற்றுப் பெட்டியையே கண்டனர்.

செயல்முறை

1. சோதித்தல்: நிரல் நினைவகத்தில் ஓர் உள்ளீட்டுப் பெட்டியை உருவாக்கி, அதில் அப்பண்பு உள்ளதா எனப் பார்க்கும். இருந்தால் வேறெதுவும் செய்யாது. உலாவியின் பெயரைக் கொண்டு முடிவு செய்வதைவிட இம்முறை நம்பகமானது.
2. நிரப்புதல்: பண்பு இல்லையெனில், வெற்றுப் பெட்டியில் குறிப்புரையைச் சாம்பல் நிறத்தில் எழுதும்.
3. நீக்குதல்: பயனர் பெட்டிக்குள் சொடுக்கியதும் அதை அழிக்கும், எதுவும் எழுதாமல் வெளியேறினால் மீண்டும் இடும்.
4. அனுப்புதல்: படிவம் அனுப்பப்படும் முன் எஞ்சிய குறிப்புரைகளை அழிக்கும். இப்படி விடுபட்டால் "உங்கள் பெயர்" என்பதே விண்ணப்பதாரரின் பெயராகப் பதிவாகிவிடும்.

கவனிக்க வேண்டியவை

பெட்டியில் இருப்பது குறிப்புரையா, பயனர் எழுதியதா என்பதை எழுத்துகளை ஒப்பிட்டு மட்டும் முடிவு செய்யக் கூடாது. எடுத்துக்காட்டாக, அஞ்சல் குறியீட்டு எண்ணுக்கான பெட்டியில் 627001 என்ற திருநெல்வேலி எண் குறிப்புரையாக உள்ளது எனக் கொள்வோம். பாளையங்கோட்டைக்காரர் 627002 என எழுதினால் சிக்கல் இல்லை. ஆனால் உண்மையிலேயே 627001 எழுதியவரின் விடையை, குறிப்புரை என்று கருதி நிரல் அழித்துவிடும். பயனர் எழுதினாரா என்பதைத் தனி அடையாளமாகக் குறித்துவைப்பது இதற்குத் தீர்வு. "6 இலக்க எண்" என்பது போன்ற, விடையாக வர முடியாத குறிப்புரையும் பாதுகாப்பானது.

கடவுச்சொல் பெட்டியில் இட்ட குறிப்புரை வெறும் புள்ளிகளாகத் தெரியும். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8 வரை, பக்கத்தில் இடம்பெற்ற பெட்டியின் வகையை மாற்றவும் முடியாது. எனவே குறிப்புரையைத் தனி எழுத்தாகப் பெட்டியின் மேல் பொருத்துவது வழக்கம். அது பெட்டியின் மதிப்பில் சேராததால் தவறுதலாக அனுப்பப்படுவதும் இல்லை.

குறிப்புரை, பெட்டியின் தலைப்புக்கு மாற்று ஆகாது. எழுதத் தொடங்கியதும் அது மறைந்துவிடுவதால், விடையைச் சரிபார்ப்பவருக்குக் கேள்வி தெரியாமல் போகும். ஜாவாஸ்கிரிப்ட் முடக்கப்பட்ட பழைய உலாவியில் அது தோன்றவே தோன்றாது. பெட்டிக்கு வெளியே தலைப்பும் இருந்தால் எந்த உலாவியிலும் படிவத்தை நிரப்பலாம்.