புரோகிராமுக்கும் உண்டு டூப்!

2021 ஜூன் மாதம், ஹெச்.பி.ஓ. மேக்ஸ் ஓ.டி.டி-யின் வாடிக்கையாளர்கள் பலருக்கு ஒரு மெயில் வந்தது. தலைப்பு, ‘இன்டக்ரேஷன் டெஸ்ட் இமெயில் #1’. உள்ளே உருப்படியாக எதுவும் இல்லை. சோதனை மெயில் தவறுதலாக நிஜ வாடிக்கையாளர்களுக்கே போய்விட்டது. பயிற்சிக்கு வந்த ஒருவரின் கைத்தவறு என்று நிறுவனமே சொன்னது.

வெறும் மெயில் என்பதால் சிரிப்போடு போயிற்று. அதுவே உங்கள் அக்கவுன்ட்டிலிருந்து பணம் எடுக்கும் புரோகிராமாக இருந்தால்?

இதற்குத்தான் சினிமாவைப் போலவே சாஃப்ட்வேரிலும் டூப் போடுகிறார்கள். மெயில் அனுப்பும் ஃபங்ஷனுக்குப் பதிலாக, ‘அனுப்பிட்டேன்’ என்று மட்டும் சொல்லும் போலி ஃபங்ஷன் ஒன்று நிற்கும். இதன் பெயர் ‘ஸ்டப்’.

எப்படி நடக்கிறது?

ரிச் ஹிக்கி 2007-ல் வெளியிட்ட ‘குளோஜர்’ ஒரு ஃபங்ஷனல் புரோகிராமிங் மொழி. அதில் ‘வித்-ரீடெஃப்ஸ்’ என்று ஒரு வசதி. டெஸ்ட் ஓடும்வரை டூப்; முடிந்ததும் ஹீரோ தானாகத் திரும்பிவிடுவார். நடுவில் பிழை வந்து டெஸ்ட் நின்றாலும் இது மாறாது.

எங்கே சொதப்பும்?

முதல் சிக்கல், இந்த மாற்றம் புரோகிராம் முழுவதற்கும் பொது. ஒரே நேரத்தில் இரண்டு டெஸ்ட்கள் ஓடினால், ஒன்று வைத்த டூப் மற்றதன் காட்சிக்குள்ளும் நுழைந்துவிடும்.

இரண்டாவது, குளோஜரின் ‘சோம்பேறித்தனம்’. பட்டியல் கேட்டால், பல நேரம் அதை நாம் பார்க்கும்போதுதான் கணக்கே போடும். அதற்குள் டூப் கிளம்பிப் போயிருந்தால், ஓடுவது நிஜ ஃபங்ஷன்! போவதும் நிஜ மெயில்! டூப் இருக்கும்போதே ‘டூஆல்’ போட்டு, மொத்தப் பட்டியலையும் கணக்கிட வைப்பதே தீர்வு.

தி.நகரில் வளர்ந்த பள்ளி

‘ஹாஸ்கெல்’ மொழியில் இப்படி நடுவில் ஆள் மாற்ற வழியில்லை. மெயில் அனுப்பும் ஃபங்ஷனை நாமே வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். சமையல்காரரிடம் பருப்பையும் நாமே எடுத்துக் கொடுப்பது மாதிரி. டெஸ்ட்டில் போலியைக் கொடுக்கலாம். நிஜத்தில் அசலைக் கொடுக்கலாம். எதையும் ரகசியமாக மாற்றாததால், குழப்பமும் இல்லை.

இந்த ஹாஸ்கெல்லை என்.பி.டெல். இணையவழிப் பாடமாகக் கற்றுத்தந்தவர்கள் சென்னை கணிதவியல் கழகப் பேராசிரியர்கள் மாதவன் முகுந்த், எஸ்.பி.சுரேஷ். கணித மேதை சி.எஸ்.சேஷாத்ரி 1989-ல் தொடங்கிய இந்தக் கழகம், தி.நகர் ஜி.என்.செட்டி சாலையில் பல ஆண்டுகள் இயங்கி, 2005-ல் சிறுசேரிக்கு இடம் மாறியது.

புரோகிராமிங் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. டூப் எப்போதும் நாம் சொன்னதைத்தான் செய்யும். அசல் ஒருநாள் மாறினால் அதற்குத் தெரியாது. டூப் போட்ட டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆனாலும், தனியாக ஒரு சோதனை அக்கவுன்ட் வைத்து, கடைசியில் ஒரு காட்சியையாவது ஹீரோவையே நடிக்கவிட்டுப் பாருங்கள்!