முதியோர் இல்லத்துக்குக் கட்டப் பணமில்லை: எந்த அலுவலகத்தின் படியேறுவது?

திங்கட்கிழமை காலைகளில் சேலம், நாமக்கல் கலெக்டர் ஆபீஸ்களில் கூட்டம் நெரியும். மக்கள் குறைதீர்க்கும் நாள். பட்டா, பாதைத் தகராறு, குடிநீர் என்று வரும் மனுக்களுக்கு நடுவே, பேரன் தோளைப் பிடித்தபடி வந்து நிற்கும் முதியவர்களின் மனுக்களும் இருக்கும். "ஏனுங்க, எங்க அம்மாயிக்கு பென்ஷன் வருமுங்களா?" "வீட்டை எழுதி வாங்கிட்டாங்க, இப்ப சோறு போட மாட்டேங்கறாங்க." "படுத்த படுக்கையாக் கெடக்கறாருங்க, எங்கயாச்சும் ஆசிரமத்துல சேத்து விடுங்க." இப்படித்தான் கேட்பார்கள். கேள்விகள் வெவ்வேறு, எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே கவலை. வயதானவரைப் பார்த்துக்கொள்ளப் பணம் வேண்டும், அது கையில் இல்லை.

இந்த வட்டாரத்தில் அந்தக் கவலை கூடுதலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகள், திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள், நாமக்கல் லாரிப் பட்டறைகளும் கோழிப்பண்ணைகளும், சேலம் செவ்வாய்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள், ஆத்தூர் பக்கத்துச் சேகோ ஆலைகள் என்று ஊர் முழுக்க உழைப்புதான். ஆனால் அந்த உழைப்பில் பெரும்பகுதிக்கு பி.எஃப். கிடையாது, பணிக்கொடை கிடையாது. கை ஓய்ந்த நாளிலிருந்து வருமானமும் ஓய்ந்துவிடும். பிள்ளைகளோ பிழைப்புக்காகத் திருப்பூர், பெங்களூர் என்று போயிருப்பார்கள். மத்திய அரசின் 2021ஆம் ஆண்டுக் கணிப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான்.

முதலிலேயே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். தனியார் முதியோர் இல்லத்தின் மாதக் கட்டணத்தை ஒரு குடும்பத்துக்காகக் கட்டித் தரும் அரசுத் திட்டம் தமிழ்நாட்டில் இல்லை. இங்கிலாந்தில் ஒருவரின் சேமிப்பும் சொத்தும் 23,250 பவுண்டுக்குக் கீழே இருந்தால், தேவையைக் கணக்கிட்டு இல்லக் கட்டணத்தில் ஒரு பங்கை உள்ளாட்சி மன்றம் ஏற்கிறது. இங்கே அப்படி ஒரே இடத்தில் மனுக் கொடுத்து முடித்துவிட முடியாது. பென்ஷன் தாலுகா ஆபீஸில், இலவச இல்லம் சமூக நலத்துறையில், பிள்ளைகளிடமிருந்து பணம் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆபீஸில், மருந்து சுகாதாரத் துறையில் என்று உதவி சிதறிக் கிடக்கிறது. எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வதே பாதி வேலை.

மாதம் 1,200 ரூபாய்

முதியோர் பென்ஷன் விஷயத்தில் தமிழ்நாடு முன்னோடி மாநிலங்களில் ஒன்று. காமராஜர் முதலமைச்சராக இருந்த 1962ஆம் ஆண்டிலேயே இங்கே அது தொடங்கிவிட்டது. மத்திய அரசின் தேசிய சமூக உதவித் திட்டம் வந்தது 33 ஆண்டுகள் கழித்து, 1995இல். 2011இல் மாதம் 1,000 ரூபாயாக ஆன தொகை, 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது.

இந்த 1,200இல் டெல்லியின் பங்கு எவ்வளவு என்று பலருக்குத் தெரியாது. இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் 60 முதல் 79 வயது வரை உள்ளவருக்கு மத்திய அரசு தருவது 200 ரூபாய். 80ஐத் தாண்டியவருக்கு 500 ரூபாய். மீதி மாநில அரசின் பணம். 2007இல் திட்டத்துக்கு இந்தப் பெயர் வைத்தபோதும் அந்த 200 ரூபாய்தான், இன்றும் அதே 200தான்.

விண்ணப்பத்தை இ-சேவை மையத்தில் பதிவு செய்யலாம். ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் பாஸ்புக் ஆகியவை கையில் இருக்க வேண்டும். வி.ஏ.ஓ.வும் ஆர்.ஐ.யும் விசாரித்த பின், தாலுகா ஆபீஸில் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கென இருக்கும் தனி தாசில்தார் உத்தரவு போடுவார். பென்ஷன்தாரர்களுக்கு ரேஷனில் இலவச அரிசியும், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டி சேலையும் உண்டு. விசைத்தறி, கைத்தறி, கட்டுமானம், வெள்ளி வேலை, ஆட்டோ ஓட்டுதல் போன்ற தொழில்களுக்குத் தனித்தனி நலவாரியங்கள் இருக்கின்றன. உறுப்பினராகி, புதுப்பித்து வந்தவர் 60 வயதில் வாரியத்தின் ஓய்வூதியம் கேட்கலாம். 55 வயதில் தறியோட்டும் அப்பா வாரிய அட்டையைப் புதுப்பித்திருக்கிறாரா என்று இன்றே பார்த்துவிடுவது நல்லது.

அந்த 1,200 ரூபாயைக் கணக்குப் போட்டால் நாளுக்கு 40 ரூபாய். கட்டணம் வாங்கும் எந்த இல்லத்தின் செலவையும் இது தாங்காது. ஆனாலும் கையில் தனக்கென வரும் பணம் என்பதால், வீட்டில் இருக்கும் முதியவருக்கு இது மருந்துச் செலவாகவும் மரியாதையாகவும் இருக்கிறது. "மகன் இருக்கான், கெடைக்காதுங்க" என்று பக்கத்து வீட்டார் சொன்னதைக் கேட்டே மனுப் போடாமல் இருப்பவர்கள் பலர். வறுமையையும் ஆதரவின்மையையும் பார்த்து முடிவெடுக்க வேண்டியவர் அதிகாரி. மனு தள்ளுபடியானால் அதற்கான காரணத்தை எழுத்தில் கேட்டு, திங்கட்கிழமை கலெக்டரிடம் மீண்டும் வைக்கலாம்.

கட்டணமில்லா இல்லங்கள்

ஆதரவற்ற முதியவர்களுக்கு அரசு மானியத்தில் தொண்டு நிறுவனங்கள் இல்லங்கள் நடத்துகின்றன. 1992இல் தொடங்கி இப்போது 'அடல் வயோ அப்யுதய் யோஜனா'வுக்குள் வரும் மத்தியத் திட்டம், 25 ஏழை முதியவர்கள் தங்கும் இல்லத்துக்கு உணவு, பராமரிப்பு, ஊழியர் செலவுகளுக்குப் பணம் தருகிறது. மறதி நோய் போன்ற கடும் பாதிப்பு உள்ள 20 பேருக்கான தொடர் கவனிப்பு இல்லங்களுக்கும் அதில் இடம் உண்டு. 25 முதியவர்களும் 25 ஆதரவற்ற குழந்தைகளும் ஒரே வளாகத்தில் வாழும் ஒருங்கிணைந்த இல்லங்களைத் தமிழ்நாடு அரசு ஊரகப் பகுதிகளில் ஏற்படுத்தியது. தாத்தா பாட்டி இல்லாத பிள்ளைகளும் பேரப்பிள்ளை அருகில் இல்லாத பெரியவர்களும் ஒரே கூரையின் கீழ் இருக்கட்டும் என்ற எண்ணம் அது.

இவற்றில் இடம் கேட்க வேண்டிய இடம், கலெக்டர் அலுவலக வளாகத்தில் இருக்கும் மாவட்ட சமூக நல அலுவலகம். எந்த இல்லம் பதிவு பெற்றது, எங்கே படுக்கை காலியாக இருக்கிறது என்ற விவரங்களை அங்கே கேட்கலாம். தெருவில் கிடக்கும் முதியவர் என்றால், நகரங்களில் வீடற்றோருக்கான இரவுத் தங்குமிடங்கள் உண்டு.

படுக்கைகளின் எண்ணிக்கைதான் சிக்கல். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, மாவட்டத்துக்குக் குறைந்தது ஓர் இல்லமும், அதில் குறைந்தது 150 ஏழை முதியவர்களுக்கு இடமும் என்று பேசுகிறது. ஆனால் மாநில அரசு அதை 'அமைக்கலாம்' என்றுதான் எழுதியிருக்கிறது. 'அமைக்க வேண்டும்' என்று கட்டாயப்படுத்தவில்லை. 2018 டிசம்பரில் அஸ்வனி குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாவட்டவாரியாக எத்தனை முதியோர் இல்லங்கள் இருக்கின்றன என்ற விவரத்தை மாநிலங்களிடமிருந்து திரட்டும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. சட்டம் வந்து பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகும் எண்ணிக்கையையே கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

ஆர்.டி.ஓ. முன்னால் ஒரு மனு

அதே சட்டத்தில் மற்றொரு வழி இருக்கிறது. இல்லக் கட்டணம் கட்ட முடியாத முதியவருக்கு மிகவும் பயன்படக்கூடியது அதுதான், மிகக் குறைவாகப் பேசப்படுவதும் அதுதான்.

குமாரபாளையத்தில் முப்பது ஆண்டுகள் தறி ஓட்டி ஓய்ந்த ஒரு பெண்மணி என்று வைத்துக்கொள்வோம். மூன்று பிள்ளைகள், மூவருக்கும் வருமானம் உண்டு. யாரும் கூட வைத்துக்கொள்ளவில்லை. அவர் தம் கோட்டத்து ஆர்.டி.ஓ. தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். நாமக்கல் மாவட்டத்தில் நாமக்கல், திருச்செங்கோடு ஆகிய கோட்டங்களும், சேலம் மாவட்டத்தில் சேலம், மேட்டூர், ஆத்தூர், சங்ககிரி ஆகிய கோட்டங்களும் உள்ளன. மனுவைத் தானே எழுத முடியாதவருக்காக வேறொருவரோ தொண்டு நிறுவனமோ கொடுக்கலாம். வக்கீல் வைத்துச் செலவழிக்கத் தேவையில்லை. பராமரிப்பு அலுவலரான மாவட்ட சமூக நல அலுவலரின் உதவியைக் கேட்கலாம்.

நோட்டீஸ் போன நாளிலிருந்து 90 நாளில் முடிவு வர வேண்டும். தனிக் காரணம் இருந்தால் 30 நாள் கூடும். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கொடுக்கும்படி பிள்ளைகளுக்கு உத்தரவிடலாம். வழக்கு நடக்கும்போதே இடைக்காலத் தொகையும் கேட்கலாம். பராமரிப்பு என்பதில் உணவு, உடை, தங்குமிடம், மருத்துவம் எல்லாம் அடக்கம் என்கிறது சட்டம். ஆகவே அந்தப் பணத்தைக் கொண்டு ஓர் இல்லத்தின் கட்டணத்தைக் கட்ட முடியும். பணம் தராவிட்டால் வாரண்டும், ஒரு மாதம் வரை சிறையும் உண்டு. குழந்தை இல்லாதவர் என்றால், அவர் சொத்தை அனுபவிக்கும் அல்லது வாரிசாக அடையப்போகும் உறவினர் மீது மனுச் செய்யலாம். உத்தரவு திருப்தி தராவிட்டால் 60 நாளுக்குள் கலெக்டரிடம் மேல்முறையீடு.

வீட்டையோ காட்டையோ தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டுத் தவிப்பவர்களுக்கு 23ஆம் பிரிவு இருக்கிறது. பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையில் வாங்கிக்கொண்டு கைவிட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். 2022இல் உச்ச நீதிமன்றம் அத்தகைய நிபந்தனை இருந்தது நிறுவப்பட வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில், இது முதியவர்களைக் காக்க வந்த சட்டம், அந்த நோக்கம் நிறைவேறும்படி தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று தீர்ப்பளித்து, தாய் எழுதிக் கொடுத்த தானத்தை ரத்து செய்தது. எழுதும்போதே "சாகும்வரை உணவும் உறைவிடமும் மருத்துவமும் தர வேண்டும்" என்ற வரியைப் பத்திரத்தில் சேர்க்கச் சொல்வது எல்லாவற்றையும்விடப் பாதுகாப்பு.

வீட்டிலேயே வைத்துப் பார்ப்பவர்களுக்கு

இல்லத்தில் சேர்க்கக் கேட்கும் குடும்பங்கள் பலவற்றின் உண்மையான தேவை, வீட்டில் வைத்துப் பார்க்க ஒரு கைத்துணைதான். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. படுக்கையில் இருப்பவருக்கு இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புச் சிகிச்சையும் இதில் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் போதும். பக்கவாதம் போன்றவற்றால் உடல் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்தால், மாற்றுத்திறனாளிச் சான்று பெற்று, தகுதிக்கேற்ப மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு மனுச் செய்யலாம். சக்கர நாற்காலி, காது கருவி, பல்செட், மூக்குக் கண்ணாடி ஆகியவற்றை ஏழை முதியவர்களுக்கு இலவசமாகத் தரும் 'ராஷ்ட்ரிய வயோஸ்ரீ' திட்டம் 2017இலிருந்து நடக்கிறது. ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 5 லட்சம் வரை ஆஸ்பத்திரிச் செலவைத் தாங்கும். ஆனால் இல்லக் கட்டணம் அதில் வராது.

பகலில் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்காக, சேலம் உள்ளிட்ட மாநகரங்களுக்கு 2025-26 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட 'அன்புச்சோலை' பகல் நேர மையங்கள் 2025 நவம்பரில் தொடங்கப்பட்டன. நல்ல தொடக்கம். ஆனால் ராசிபுரத்துக்கும் பரமத்தி வேலூருக்கும் எடப்பாடிக்கும் இவை வந்தால்தான் தறிக்கும் காட்டுக்கும் போகும் வீடுகளுக்குப் பயன்.

இருக்கும் உதவிகள் ஆதரவே இல்லாதவரை ஓரளவு தாங்குகின்றன. அவருக்கும் வசதி உள்ளவருக்கும் நடுவே இருப்பவர்தான் விழுந்துவிடுகிறார்: சிறு ஓட்டு வீடு, கூலிக்குப் போகும் ஒரு மகன், படுக்கையில் ஒரு தாய். இவருக்கு இலவச இல்லத்தில் இடமில்லை, கட்டண இல்லத்துக்குப் பணமில்லை, மகனிடம் வழக்காடிப் பெறவும் ஒன்றுமில்லை. மாவட்டத்துக்கு 150 பேருக்கான இல்லத்தைக் கட்டாயமாக்குவதும், மத்திய அரசின் 200 ரூபாயை உயர்த்துவதும் இவருக்காகச் செய்ய வேண்டியவை. 10,000 ரூபாய் உச்சவரம்பை நீக்கவும், மருமகன் மருமகளையும் பொறுப்பாக்கவும் 2019 டிசம்பரில் மக்களவையில் வைக்கப்பட்ட திருத்த மசோதா நிறைவேறாமலே காலாவதியானது. அதை மீண்டும் கொண்டுவரும்படி நம் எம்.பி.க்களிடம் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

அதுவரை, உங்கள் தெருவில் இப்படி ஒருவர் இருந்தால் 14567 என்ற எண்ணை அழையுங்கள். முதியோருக்கான கட்டணமில்லா உதவி எண் அது. காலை 8 முதல் இரவு 8 மணி வரை தமிழிலேயே பேசலாம். அவருக்குப் படிக்கத் தெரியாவிட்டால் மனுவை நீங்கள் எழுதிக் கொடுங்கள். மனு கொடுத்ததற்கான ரசீதை மறக்காமல் வாங்கி அவர் கையில் கொடுங்கள்.